இரண்டாவது எதிரி கொளஞ்சியம்மாள்

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது அந்த ஊர். அங்கிருந்து கோட்டை மலையின் முதுகு மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். கொளஞ்சியம்மாள் தினமும் பஸ் ஏறினாள். மலை முகத்தைப் பார்ப்பதற்காக அல்ல. குத்தகைக்கு எடுத்த அரைக் காணியில் விளைந்த கத்திரிக்காயை டவுன் மார்க்கெட்டில் விற்பதற்காக.

கத்திரிக்காய்க் கூடையில் ஒரு சிக்கல் உண்டு. நிரம்பிய கூடையைத் தலையில் சுமந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அதைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்ற இன்னொரு ஜோடிக் கை வேண்டும். இதை வைத்துத்தான் கொளஞ்சியம்மாள் அந்த ஊரில் ஒரு புரட்சியே செய்தாள். புரட்சி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எந்த ஊர்ப் பஸ் அது என்று கேட்டிருப்பாள்.

சில வருஷங்களுக்கு முன் மேலத் தெரு ஆண்டாள், புருஷன் கொடுத்த வீங்கிய கன்னத்தோடு கிணற்றடியில் நின்றாள். டவுனில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் இருப்பது ஆண்டாளுக்குத் தெரியும். வாசலைத் தாண்டி அங்கே எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை.

"இன்னான்னு சொல்லிக்கினு வருவேன் யக்கா? எங்கடி போறன்னு கேப்பாரே?"

"கொளஞ்சிக்குக் கூடை தூக்கப் போறேன்னு சொல்லு" என்றாள் கொளஞ்சியம்மாள். "கூலியும் குடுப்பான்னு சொல்லு. அவனே பஸ்ஸு ஏத்தி வுடுவான்."

ஏற்றிவிட்டான். கையாட்டி அனுப்பினான்கூட. மார்க்கெட்டில் கூடையை இறக்கிய கையோடு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோதுதான், பெண்டாட்டி எந்தக் கூடையைத் தூக்கப் போனாள் என்று அவனுக்குப் புரிந்தது.

அதிலிருந்து அந்த ஊரில் 'கூடை தூக்குறது' என்றால் அதற்குக் காய்கறி சம்பந்தமில்லாத ஓர் அர்த்தம் வந்துவிட்டது. பெண்கள் சண்டையில், "ஜாஸ்தி பேசுன, நாளைக்கே கூடை தூக்கிடுவேன்" என்றார்கள். ஆண்கள் முறைத்துக்கொண்டே, "இன்னாடி, கூடை தூக்கலாம்னு பாக்கறியா?" என்றார்கள். ஒரு முன்னெச்சரிக்கைக்காரர் வீட்டிலிருந்த கூடைகளையெல்லாம் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அவர் வீட்டுக் கோழிகள் கொஞ்ச நாள் கட்டிலுக்கடியில் குடும்பம் நடத்தின. கை ஓங்குவதை நிறுத்தினால் கூடையைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆண்பிள்ளைக்கு எத்தனையோ யோசனை வரும், எல்லாமா வரும்?

துணைக்குப் போய்ப் போய்க் கொளஞ்சியம்மாளுக்கு ஸ்டேஷன் பழக்கமாகிவிட்டது. உள்ளே சுவரோரம் இரண்டு பெஞ்சு, எதிரும் புதிருமாக. வாசலுக்கு வலப் பக்கம் புகார் கொடுக்க வந்தவர்கள். இடப் பக்கம் எதிரிகள். போலீஸ் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர். முதல் எதிரி, இரண்டாவது எதிரி என்று நம்பர் போட்டு எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை என்று போட்டவனை அங்கே எதிரி என்று போடுகிறார்கள்; இரண்டுக்கும் நடுவே நடந்ததுதான் குடும்ப வாழ்க்கை.

கொளஞ்சியம்மாளிடம் ஒரு சூத்திரம் இருந்தது. கூட்டிக்கொண்டு போகிற பெண்ணிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவாள்.

"ரெண்டாவதா மாமியா பேரைப் போடு."

"அவங்க ஒண்ணும் பண்ணலியே யக்கா?"

"பண்ணாட்டி இன்னா? பொண்டாட்டி புகார் குடுத்துருக்கான்னு கூப்ட்டா அவனுக்கு அன்னிக்குத்தான் காச்சல் வரும், திருக்கோவிலூர்ல கல்யாணம் வரும். உங்கம்மா இங்க பெஞ்சில ஒக்காந்துகினு கீறாங்கன்னு சொல்லிப் பாரு. கட்டுன லுங்கியோட ஓடியாருவான். பொண்டாட்டிய அடிக்கிறவன் எல்லாம் அம்மா மேல உசுரா இருக்கறவன்தான்டி."

சூத்திரம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. எதிர்வீட்டுப் பாப்பாத்தியை அப்படித்தான் இடப்பக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாப்பாத்திக்கு வாய் கொஞ்சம் நீளமே தவிர மருமகள்மேல் விரல் பட்டதில்லை. அவள் மகன் இளவரசன் வயல் சேறு காயாத காலோடு ஓடிவந்தான். இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் அழுதான். அதற்கப்புறம் நீட்டவும் இல்லை. ஆனால் பாப்பாத்தி அன்றோடு கொளஞ்சியம்மாளிடம் பேச்சை நிறுத்தினாள். நேராகப் பேசுவதைத்தான். குழாயடியில் குடத்தைப் பார்த்துப் பேசுவது தொடர்ந்தது.

"பெத்தவளுக்கு ஒண்ணுன்னா சேத்துக்காலோட ஓடியாந்தான் எம் புள்ள. சில பேரும் ஒரு நாளு அந்தப் பெஞ்சில ஒக்காந்து பாக்கணும். அப்பத் தெரியும், எவ புள்ள வரான், எவ புள்ள வரலன்னு."

கொளஞ்சியம்மாளும் தன் குடத்தைப் பார்த்துச் சொல்வாள்: "ஒரு நாளு ஒக்காந்தா இன்னா, தேஞ்சா பூடுவாங்க?"

தனக்கென்ன பயம் என்று அவளுக்கு எண்ணம். அவளுக்கும் ஒரே பிள்ளை. தமிழரசன். தகப்பன் செத்த பிறகு கத்திரிக்காய் விற்று ஆளாக்கிய பிள்ளை. குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தான். வண்டியின் முன் கண்ணாடியில் 'அம்மா துணை' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தான். வண்டி எப்போதும் சவாரியில் இருப்பதால் அம்மா மட்டும் பஸ்ஸில் போனாள். ஆனால் காலையில் அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிவிடுவது அவன்தான். சும்மாடு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்ப்பான்.

"பாத்துப் போம்மா. கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

அந்தக் கைகளில் அவ்வளவு பதவிசு இருந்தது. மிச்சம் இருந்ததை அவன் உள் அறையில் வைத்திருந்தான்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் இலக்கியா. பிளஸ் டூ வரை படித்தவள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளுகிற பழக்கம். வந்த கொஞ்ச நாளிலேயே பொத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. குழம்பில் உப்பு, போனில் அவள் அம்மா, வண்டிக்கு லோடு கிடைக்காத நாள் என்று காரணங்கள் மாறிமாறி வந்தன. உள் அறையில் சத்தம் கேட்டால் கூடத்தில் கொளஞ்சியம்மாள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். சீரியலில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். அந்த அநியாயத்தைப் பார்த்துக் கொளஞ்சியம்மாளுக்குக் கண் கலங்கியது.

ஊர்ப் பெண்களின் கன்னத்தில் விரல் தடத்தைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது. சொந்த வீட்டு அடுப்படியில் அதற்குப் புகை அடித்துவிட்டது.

தை மாதம். ஒரு காலையில் தமிழரசன் வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். கூடையில் காய் அடுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் பக்கத்தில் இலக்கியா வந்து உட்கார்ந்தாள். ஒரு கத்திரிக்காயை எடுத்து அதன் காம்பைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அத்த, இன்னிக்கு நான் கூடை தூக்க வரட்டுமா?"

கொளஞ்சியம்மாளின் கை நின்றது. ஊரில் அத்தனை பெண்களுக்கும் அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். தன் வீட்டுக்குள் அது கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்க்காமல் காயைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காய் கம்மி. நானே தூக்கிக்குவேன்."

இலக்கியா காம்பைத் திருகிய காயைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வருஷத்திலேயே கூடை அதிகம் நிரம்பியிருந்த நாள் அது. தமிழரசன் வந்துதான் தூக்கிவிட்டான். "இன்னிக்கு செம வெயிட்டும்மா" என்றான்.

அதன் பிறகு இலக்கியா கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்பதும் குறைந்துபோயிருந்தது என்பது ஆடி மாதத்தில்தான் தெரிந்தது.

அன்று கொளஞ்சியம்மாள் அடுப்படி வாசலில் நின்று, "எலக்கியா, அந்தச் சொம்ப எடு" என்றாள். இலக்கியா திரும்பவில்லை. கோபம்போல என்று நினைத்து இன்னும் கிட்டே போய், "ஏ புள்ள, உன்னத்தான்" என்றாள். அப்போதும் திரும்பவில்லை. மருமகளின் இடது பக்கத்தில் நின்றிருந்தாள் அவள். சுற்றி வலது பக்கம் வந்து கூப்பிட்டதும் இலக்கியா திடுக்கிட்டாள்.

"கூப்ட்டீங்களா அத்த? இந்தக் காதுல இப்ப ஒண்ணும் உழறதில்ல."

எப்போதிருந்து, எப்படி என்று கேட்க வேண்டிய அவசியம் கொளஞ்சியம்மாளுக்கு இல்லை. எந்த ராத்திரி என்று அவளுக்குத் தெரியும். அந்த ராத்திரி சீரியலில் கல்யாணம். உள் அறைச் சத்தத்தை நாதஸ்வரத்தை வைத்து ஒப்பேற்றியிருந்தாள்.

அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே கவிழ்ந்து கிடந்த இரண்டாவது கூடையை எடுத்து உதறி, பாதிக் காயை அதில் கொட்டி, மருமகளின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"கெளம்பு. இன்னிக்குக் காய் ஜாஸ்தி."

இலக்கியா கூடையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வாசலில் தமிழரசன் சிரித்தான். "இன்னாம்மா, மருமவளயும் யாவாரத்துல எறக்கிட்டியா?" ஊரில் பல் முளைத்த ஆண்பிள்ளை அத்தனை பேருக்கும் அர்த்தமாகியிருக்கும். இவனுக்கு ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம், பக்கத்தில் நின்றது அம்மா. இரண்டு கூடைகளையும் அவனே தூக்கிவிட்டான். முதலில் அம்மா தலைக்கு. அப்புறம் பெண்டாட்டி தலைக்கு.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ராதிகா பழக்கத்தில் சிரித்தார். "வாங்க கொளஞ்சிம்மா. இன்னிக்கு யாருக்கு?"

"எம் மருமவளுக்கு மேடம்."

"அக்கா தங்கச்சி மருமகளா?"

"இல்ல. எம் மவன் பொண்டாட்டி."

சிரிப்பை எங்கே வைப்பதென்று எஸ்.ஐ.க்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்து இலக்கியாவை உட்கார வைத்து, காதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டார். இலக்கியா நிதானமாகச் சொன்னாள். இவ்வளவு காலம் உள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்ததுபோல் ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற கொளஞ்சியம்மாளுக்கு டிவி சத்தத்தைக் கூட்ட அங்கே டிவி இல்லை.

"எதிரி, கணவர் தமிழரசன். வேற யாரு பேராவது?" என்றார் எஸ்.ஐ.

"இல்ல மேடம்" என்றாள் இலக்கியா.

"ரெண்டாவதா எம் பேரைப் போடுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வேணாம் அத்த."

"போடச் சொல்லுடி. வெறுமனே கூப்ட்டா வரமாட்டான். நான் ஒக்காந்துகினு இருக்கேன்னா பறந்து வருவான். இங்க வெச்சி நாலு வார்த்த கேட்டா அடங்கிடுவான். எத்தினி பேருக்குப் பாத்துருக்கேன்."

இலக்கியா வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னாள். மாமியார் கேட்கவில்லை. பெயர் ஏறியது. வாசலிலிருந்த பெண் போலீஸ் தயங்கித் தயங்கி வந்து, "அப்ப நீங்க அந்தப் பக்கம் ஒக்காரணும்மா" என்றாள். கொளஞ்சியம்மாள் இடப்பக்கப் பெஞ்சுக்குப் போனாள். எத்தனையோ பேரை அனுப்பிவைத்த பெஞ்சு. அதற்கு ஒரு கால் குட்டை என்று அன்றுதான் தெரிந்தது.

எஸ்.ஐ. போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"தமிழரசனா? மகளிர் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். உங்க மனைவி புகார் குடுத்திருக்காங்க. நீங்க இங்க வரணும்."

"லோடு இருக்குதுங்க மேடம்."

கொளஞ்சியம்மாள் 'நான் சொன்னேன் பார்' என்று தலையை ஆட்டினாள்.

"உங்கம்மாவும் இங்கதான் ஒக்காந்திருக்காங்க. அவங்க பேரும் புகார்ல இருக்குது."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது. கோபம் இல்லை. கத்திரிக்காய்க்கு விலை சொல்கிற குரல்.

"தானா தான போனாங்க? தானா வரட்டும்."

போன் கட்டாகிவிட்டது.

"அவன் கையில எப்பவும் டவர் சரியா இருக்காது மேடம்" என்றாள் கொளஞ்சியம்மாள். "வேற யாரோன்னு நெனச்சிருப்பான். வருவான்."

எஸ்.ஐ. இன்னொரு தடவை போட்டார். அணைத்து வைத்திருந்தான்.

வெளியே குட்டி யானை போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் எழுந்து புடவையை உதறிவிட்டு உட்கார்ந்தாள். டவுனில் இவ்வளவு குட்டி யானைகள் ஓடுகின்றன என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பெண் போலீஸ் டீ வாங்கி வந்து கொடுத்தாள். பாதி வழியில் இருப்பான், அவன் வந்ததும் சேர்ந்து குடிக்கிறேன் என்று கீழே வைத்தாள். டீயில் ஆடை கட்டியது. 'சேத்துக்காலோட ஓடியாந்தான் எம் புள்ள' என்று யாரோ குடத்தைப் பார்த்துச் சொல்வது கேட்டது. அங்கே குடம் எதுவும் இல்லை.

ஓடிவந்தது இலக்கியாவின் அப்பா. எஸ்.ஐ. போன் போட்டுச் சொன்னதும் எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் மாறி வந்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே வந்ததும் வலது பெஞ்சில் மகள், இடது பெஞ்சில் சம்பந்தி. எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் நடுவில் நின்று, முதலில் சம்பந்திக்குக் கும்பிடு போட்டார். பிறகு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொளஞ்சியம்மாள் சுவரில் மாட்டியிருந்த உதவி எண் படத்தைப் பார்த்தாள். அதில் ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கியதும் எஸ்.ஐ. எழுந்து வந்தார்.

"இனிமே வரமாட்டாரும்மா. நாளைக்கு நாங்களே ஆளு அனுப்பிக் கூட்டியாறோம். கேஸ் பதிவு பண்றேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில காதக் காட்டிடணும். இலக்கியா அவங்கப்பா கூடப் போவட்டும்." குரலைத் தாழ்த்தினார். "வரவெக்கத்தான உங்க பேரைப் போடச் சொன்னீங்க? இனிமே அது எதுக்கு? எடுத்துடட்டுமா?"

கொளஞ்சியம்மாள் எதிர்ப்பெஞ்சைப் பார்த்தாள். காலையில் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னவள் தலை நிமிரவில்லை. எஸ்.ஐ. நின்றிருந்தது இலக்கியாவின் இடது பக்கம். கேட்கவில்லையா, கேட்டுத்தான் பேசாமல் இருக்கிறாளா? சுற்றி வலது பக்கம் போய் நின்று கேட்டிருக்கலாம். கொளஞ்சியம்மாளுக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கட்டும் மேடம்" என்றாள். "மத்தவளுங்களுக்கு நான் போடச் சொன்னதுலாம் பொய்தான். இது பொய் இல்ல. செவுத்துக்கு இந்தாண்ட நான்தான் இருந்தேன்."

கிளம்பும்போது இலக்கியா பக்கத்தில் வந்தாள். "வரேன் அத்த" என்றாள். போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு கூடைக்குள் இன்னொரு கூடையைச் செருகி எடுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தாள் கொளஞ்சியம்மாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்திருந்தது. குழாயடியில் பேச்சு நின்றது. ஆண்டாள்கூட, முதல் முதலாகக் கூடை தூக்கிய ஆண்டாள், குடத்தைக் கழுவுவதில் மும்முரமானாள். பெற்ற பிள்ளையையே காட்டிக் கொடுத்தவளிடம் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை போலும். எழுந்து வந்தது பாப்பாத்தி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு குடத்தைப் பார்க்காமல் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வந்தானா?"

கொளஞ்சியம்மாள் கூடைகளைக் கை மாற்றிக்கொண்டாள்.

"வந்தான். வராம? லோட அப்டியே நடு ரோட்டுல வுட்டுட்டு ஓடியாந்தான். எங்கம்மாவ எதுக்கு ஒக்கார வெச்சீங்கன்னு மேடத்தாண்டயே சண்ட."

அன்று முழுக்கத் தமிழரசன் கூட்ரோட்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததை இளவரசன் பார்த்துவிட்டு வந்து தாயிடம் சொல்லியிருந்தான். குழாயடிக்கே தெரியும். பாப்பாத்திக்கு நீளமான வாய். அன்று என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"அதான" என்றாள் பாப்பாத்தி. "பெத்தவளாச்சே. வராம இருப்பானா?"

சொல்லிவிட்டு, கொளஞ்சியம்மாளின் கையிலிருந்த கூடைகளை வாங்கி அவள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கத்திரிக்காய் வழக்கம்போல் காய்த்திருந்தது. அதற்குக் கேஸ், கோர்ட்டு எதுவும் தெரியாது. கொளஞ்சியம்மாள் பறித்துக் கொண்டுவந்து, கூடையில் அடுக்கி, வாசலில் சும்மாடு கோலிக்கொண்டு நின்றாள். தமிழரசன் வெளியே வந்தான். ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கம் கலையாத முகத்தோடு குனிந்து கூடையின் விளிம்பில் கை வைத்தான்.

"தூக்கி வுடட்டுமாம்மா?"

பின்னால் வண்டிக் கண்ணாடியில் மஞ்சள் எழுத்து பளபளவென்று இருந்தது. கொளஞ்சியம்மாள் அவன் கைகளைப் பார்த்தாள். பதவிசான கைகள். சின்ன வயதில் அந்த விரல்களுக்கு அவள்தான் நகம் வெட்டிவிடுவாள்.

அவள் உட்கார்ந்தாள். கூடையிலிருந்து காய்களை அள்ளி அள்ளித் தரையில் போட்டாள். ஊதாக் காய்கள் அவன் காலைச் சுற்றி உருண்டன.

"இன்னாம்மா, எதுக்குக் கொட்டற? நல்ல காயெல்லாம்?"

பாதிக்குமேல் கொட்டிய பிறகு கூடையை அசைத்துப் பார்த்தாள். தனியாக ஏறும்போலிருந்தது.

"இன்னிக்குக் காய் கம்மி" என்றாள். "நானே தூக்கிக்குவேன்."